நாலாவது கதை மட்டும் வேண்டாம்

ஏழு தனித்தனிக் கதைகள் கொண்ட ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் அது. பதினான்கு வயது மகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். அம்மா ஒரு தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

“ரெண்டாவதுல கொஞ்சம் ரத்தம், பரவாயில்ல. அஞ்சாவதுல பேய், அதுவும் சும்மா பூச்சாண்டிதான். நாலாவது மட்டும் கூடவே கூடாது.”

“ஏன்?”

“நாய்க்குட்டி செத்துப்போயிடுது.”

“அவ தாங்குவா. எத்தனை நாளைக்குத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கறது?”

“அவ போன வாரமே ஏழு கதையையும் பார்த்துட்டா. இந்தத் தாளை எழுதினதே அவதான்.”

அப்பா தாளை வாங்கினார். கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. நாலாவது கதைக்கு எதிரே மகளின் கையெழுத்து: ‘அப்பா தாங்க மாட்டார்.’

“நாய்க்குட்டிக்கு என்ன வயசிருக்கும்?” என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது.