காலிதாவின் அடுப்படி

கொழும்பிலிருந்து விடுப்பில் வந்த ஹமீது சுல்தான், பழைய மேசையை அறுத்து, மகள் காலிதா சொப்புச் சாமான் வைத்து விளையாட ஓர் அடுப்பு மேடை செய்தான். அங்கே அவன் வேலை பார்க்கும் துரை பங்களாவில் மேடைமேல்தான் அடுப்பாம்.

"எம் மக குனியாம, நின்னுக்கிட்டே சமைக்கணும்!"

"எனக்கும் ஒண்ணு கட்டித் தாங்கன்னு எட்டு வருசமாக் கேக்குறேன்," என்றாள் மனைவி ஜுனைதா, தரையடுப்பை ஊதியபடி.

"ஒனக்கு எதுக்குடி? பழகிப்போச்சுல்ல!"

மத்தியானம் வந்து பார்த்தான். காலிதா தரையில் குத்துக்காலிட்டு, மூன்று கல் கூட்டிச் சொப்பை ஏற்றி, 'ஃபூ ஃபூ' என்று ஊதிக்கொண்டிருந்தாள். மேடைமேல் ஒரு துணிப்பொம்மை கால் நீட்டிக் கிடந்தது.

"ஏம்மா, வாப்பா செஞ்சு தந்த மேடையில வச்சுச் சமைக்கலாம்ல?"

"சத்தம் போடாதீக! அதுல வாப்பா படுத்திருக்காக. சோறு ஆனதும்தான் எழுப்பணும்."