செவலை நின்ற இடம்

பீளமேட்டில் அழகிரிசாமி கட்டிய புது பங்களாவின் கிரகப்பிரவேசத்துக்கு, மாரியாத்தாள் தன் செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். பங்களா கட்டுவதற்கு முன் அங்கே தோட்டமும் கிணறும் இருந்தன. கிணற்றை மூடும் வேலைக்குப் போன அவள் புருஷன் மருதாசலம் எட்டு மாதமாக வீடு திரும்பவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான் என்றார் மேஸ்திரி. அவள் தாராபுரம் வரை போய்த் தேடினாள். வந்துவிடுவான் என்று தினமும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

பசு வாசற்படி தாண்டி, பளிங்குத் தரையில் வழுக்காமல் நடந்து, ஹாலின் நடுவில் நின்றது. கோமியம் விட்டால் வீட்டுக்கு நல்லது என்று எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கிக் காத்திருந்தார்கள்.

பசு கண்ணை மூடிக் கழுத்தை நீட்டியது. மருதாசலம் சொறிந்துவிடும்போது மட்டும்தான் அது அப்படி நிற்கும். கழுத்துக்கு அடியில் தொங்கிய தோல் மேலும் கீழும் மெதுவாக இழுபட்டது. பக்கத்தில் யாரும் இல்லை.

“ஏனுங்க, அந்தக் கெணறு எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?” என்று கேட்டாள் மாரியாத்தாள்.

“இதே எடத்துலதான். மண்ணக் கொட்டி மூடியாச்சு,” என்றார் அழகிரிசாமியின் மனைவி ராமாமணி. “பாரு, உம்பட மாடு எத்தனை சந்தோசமா நிக்குது. நல்ல சகுனம்.”

அவர் பசுவின் நெற்றியில் குங்குமம் இட்டார். பசு கண்ணைத் திறக்கவில்லை. கழுத்துத் தோல் அசைந்துகொண்டே இருந்தது.

“நீயும் வெச்சுக்க அம்மணி,” என்று குங்குமத் தட்டை நீட்டினார்.

மாரியாத்தாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இனி வேண்டாமுங்க.”