லானியின் வில்லை

"அதைத் தொடாதீங்கம்மா!"

பழைய சுரங்கத்தின் வாசலில் காவலிருக்கும் வெர்ஜில் கிழவர் போட்ட அதட்டலில் சுற்றுலாக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. சுவரில் வில்லைகள் தொங்கிய பலகையை நோக்கி நீண்ட கையை அந்த நரைத்த தலை அம்மா மட்டும் இறக்கவில்லை.

"பித்தளை வில்லைதானே? அதுக்கா இந்தக் கத்து கத்தறீங்க?"

"சுரங்கத்துல இறங்கும்போது 'உள்ளே' பக்கம் மாட்டணும். ஏறி வந்ததும் 'வெளியே' பக்கம் மாத்தணும். அவனவன் வில்லையை அவனவன்தான் தொடணும். இது என் கூட்டாளி லானியோடது. அவன் இன்னும் ஏறி வரலை."

மற்றவர்கள் குட்டி ரயிலில் செப்புச் சுரங்கத்துக்குள் போனார்கள். அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வாசலில் அரிசோனா வெயில் பாறையை வறுத்துக்கொண்டிருந்தது.

"நீங்க போகலையா? இப்பல்லாம் பொம்பளைங்க தாராளமா போகலாம். எங்க காலத்துலதான், பொம்பளை கால் பட்டா கூரை இடியும்னு பயம்."

"நீங்களும் நம்பினீங்களாக்கும்?"

"ஊரே நம்புச்சு. எவளாவது உள்ள இருக்கும்போது இடிஞ்சிருந்தா, அவளை உயிரோட விட்டிருக்க மாட்டோம்."

அந்தம்மா மறுபடி பலகையைப் பார்த்தது. "லானி எப்படி ஆளு?"

"நோஞ்சான். ஆனா கூரை விழுந்தப்ப என்னைத் தள்ளிவிட்டுட்டு அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டான். வாரக்கணக்கா தோண்டினோம். தொப்பிதான் கிடைச்சுது."

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. வேலை முடிந்து எல்லாரும் குளிப்பார்கள். லானி மட்டும் அழுக்கோடு வீட்டுக்கு ஓடுவான். 'நாத்தம் பிடிச்சவனே' என்று வெர்ஜில்தான் கத்துவார். கடைசியாக அவனிடம் பேசியதும் அதுதான். இத்தனை வருஷமாக அது அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பலகையைக் கண்ணாடிப் பெட்டியில பூட்டறாங்க," என்றார். "அப்புறம் அவன் என்னிக்கும் 'உள்ளே'தான்."

"நீங்களே மாத்திட வேண்டியதுதானே?"

"என் வில்லை இல்லையே."

அந்தம்மா எழுந்து போய் வில்லையைக் கழற்றி, 'வெளியே' பக்கம் மாட்டியது.

"ஏய்! சொல்லிக்கிட்டே இருக்கேன்..."

"பழைய காத்துக் குழி வழியா ஏறினேன்டா. கூரை இடிஞ்ச அன்னிக்கு, தொப்பியில்லாம, தலைமுடியெல்லாம் அவிழ்ந்து, உங்க முன்னாடி எப்படி வந்து நிப்பேன்?"

வெர்ஜில் அந்தம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நாத்தம் பிடிச்சவன் ஏன் குளிக்காம ஓடினான்னு இப்பவாவது புரிஞ்சுதா?"