இரண்டாவது காது

“இன்னும் ஒரு அடி தோண்டு. அடியிலதான் இருக்கு.”

“அண்ணே, குழாயே வந்துருச்சு. ஒரு சொட்டு ஈரம் இல்ல. இதுக்குக் கீழ தோண்டினா பாதாளம்தான்.”

இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்த கடப்பாரைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேலே நின்றவருக்குக் குடிநீர்த் துறையில் ‘பாம்புக்காது’ என்று பேர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் உள்ள மரக் கிண்ணத்தில் காதை வைத்தாரென்றால், பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று புள்ளி வைத்துச் சொல்வார். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்தவர்தான். இந்த மாதத்தில் மட்டும் இது நாலாவது வெற்றுக் குழி.

“நீயே கேட்டுப் பாரு,” என்று கம்பியை நீட்டினார். “சீறல் இல்லப்பா. துடிப்பு. விஷ்... விஷ்னு.”

“துடிப்பா!” கடப்பாரைக்காரர் குழியிலிருந்து ஒரே தாவலில் வெளியே வந்துவிட்டார். “சீறினா சின்ன ஓட்டை, ஆற அமரத் தோண்டலாம். துடிச்சா குழாய்ச் சுவர் தேஞ்சுபோச்சு, எப்ப வேணா கிழியும், மேல ஆளை நடக்கக்கூட விடாதே, முதல்ல வால்வை மூடு. நீங்க சொல்லிக் குடுத்த பாடம்தாண்ணே!”

கம்பியை வாங்கி, மூச்சை அடக்கிக் கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“ஒண்ணும் கேக்கல. எதுக்குண்ணே வயித்துல புளியைக் கரைக்கிறீங்க? ஒருத்தனுக்கு மட்டும் கேட்டா பிரமை, ரெண்டாவது காதுக்கும் கேட்டாத்தான் கசிவு. அதுவும் உங்க பாடந்தான்.”

ஜீப்பில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் இறங்கி வந்தார். பாம்புக்காதின் மகன் வயதுதான் இருக்கும்.

“என்ன ஆச்சு உங்களுக்கு?”

“வலது காதுல சார். ஏழு மாசமா உள்ளேயே ஏதோ துடிச்சுக்கிட்டு இருக்கு. கம்பில கேக்குதா, காதுல கேக்குதான்னு பிரிக்க முடியல.”

“டாக்டரைப் பாத்தீங்களா?”

“மூணு பேரைப் பாத்தேன். காது சுத்தமா இருக்காம். ஒண்ணுமே இல்லையாம்.”

“நல்லதுதானே? அப்புறம் என்ன கவலை?” என்றார் இன்ஜினியர். சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாளையிலருந்து நீங்க ஸ்டோர் ரூம்ல இருங்க. காலைல வரும்போது கம்பியை ஒப்படைச்சிருங்க.”

கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். யோசனை சொல்லாத ஆள் பாக்கியில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய் காய்ச்சி விடச் சொன்னார். மைத்துனர் ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். நாற்பத்தொன்பது வயதில் அதையும் செய்து பார்த்தார். முதல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டாமவர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்த்தார். மூன்றாமவர், வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். பார்த்தார்களே தவிர, அந்தச் சத்தத்தைக் காதால் கேட்க ஒருவரும் முயலவில்லை.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, வழக்கமில்லாமல் அவர் கம்பியை வீட்டுக்குக் கொண்டு வந்ததைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“வேலையும் போச்சா?”

“கம்பி போச்சு. வேலை பேருக்கு இருக்கு.” சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். “முடியலம்மா. செத்துரலாம் போல இருக்கு.”

“வாயைக் கழுவுங்க முதல்ல! மூணு டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க, நீங்க இருக்குன்னு சொல்றீங்க. நான் யாரைத்தாங்க நம்புறது?”

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்.” அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. “இது குணமாகக்கூட வேணாம். இன்னொரு மனுஷ காதுக்கு இது ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும். நான் பொய் சொல்லல, பைத்தியமும் இல்லன்னு தெரிஞ்சாப் போதும்.”

அவள் கத்தியை வைத்துவிட்டு வந்தாள். பரிதாபமும் எரிச்சலும் கலந்து கம்பியைப் பார்த்தாள்.

“ரோட்டுக்கு அடியில இருக்கறதே இதுல கேக்குமாம். உங்க தலைக்குள்ள இருக்கறது கேக்காதா? படுங்க!”

பாயில் இடப்பக்கமாகப் படுத்தார். அவள் மின்விசிறியை நிறுத்தினாள். வலது காதுக்குப் பின்னால், எலும்பின்மேல், கம்பியின் முனை சில்லென்று பட்டது. மரக் கிண்ணத்தில் அவள் காதை வைத்தாள்.

“மூச்சை அடக்கிட்டுக் கேளு,” என்றார். நம்பிக்கையே இல்லாமல்தான் சொன்னார்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. அவர் காதுக்குள் அடித்த அதே தாளம். ஒரு தட்டுகூடத் தப்பவில்லை.

“என்னங்க! கேக்குதுங்க! விஷ்... விஷ்னு எனக்கும் கேக்குது!” அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே, பாவி! நிஜமாவே துடிக்குதுங்க!”

ஏழு மாதமாக அவர் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம்தான்.

“அதான் எனக்கும் கேட்டுருச்சே! எந்திரிங்க, இனிமே என்ன பயம்?” என்று தோளைப் பிடித்து உலுக்கப் போனவளின் கையை, அவர் பாதியிலேயே பிடித்து நிறுத்தினார்.

“தொடாதே,” என்றார் அசையாமல். “சீறல் இல்ல, துடிப்பு. மெதுவா நடந்து போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. தரை அதிராம நட.”