மாமியார் கேக்

"இதுக்கு ஏன் மாமியார் கேக்னு பேரு?"

கேட்டவர் கடைக்குப் புதுசு. கல்லாவில் இருந்த அத்தைக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

"என் மாமியாருக்கு எதையும் எட்டிப் பார்க்காட்டித் தூக்கம் வராது சார். பக்கத்து வீட்டு ஜன்னல், அடுத்தவங்க பை, எதையும் விடமாட்டாங்க. ஒரு நாள் கேக் வேகறதுக்குள்ள அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துட்டாங்க. நடுவுல பொதுக்குனு அமுங்கிப் போச்சு. குழியில ஜாமை ஊத்தி வித்தோம். அதான் இது!"

வந்தவர் சிரித்துக்கொண்டே இரண்டாக வாங்கிப் போனார்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த புது மருமகளுக்கு முகம் சுண்டிப்போனது. சுவரில் படமாகிவிட்ட மனுஷியைத் தினமும் இப்படிச் சந்திக்கு இழுக்க வேண்டுமா? செத்தவருக்கே இந்தக் கதி என்றால், உயிரோடு இருக்கிற நமக்கு?

அந்த யோசனையில், சூடு ஆறுமுன்னே கேக் தட்டைக் கவிழ்த்துவிட்டாள். டாக்டரம்மா தன் மகள் பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்த கேக். இரண்டாகப் பிளந்தது.

சொல்லிவைத்த மாதிரி டாக்டரம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். "ஐயையோ! யார் பார்த்த வேலை இது?"

மருமகள் இரண்டு துண்டையும் அவசரமாகச் சேர்த்துப் பிடித்தாள். அவ்வளவுதான். நாளையிலிருந்து கண்ணாடிப் பெட்டியில் 'மருமகள் கேக்'!

"நான்தாங்க," என்றார் அத்தை. "வயசாச்சு இல்ல, கை நடுங்குது. சாயங்காலத்துக்குள்ள வேற போட்டு நானே வீட்டுக்குக் கொண்டு வரேன்."

கேக் மேல் க்ரீமால் முத்து முத்தாகப் பெயர் எழுதும் கை அது. அதுவா நடுங்கும்?

டாக்டரம்மா தலை மறைந்ததும் மருமகள் கேட்டாள். "பழியை ஏன் அத்தை உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"அசடு! மருமகளைக் கிண்டல் பண்ணிப் பேர் வெச்சா எவன் வாங்குவான்? மாமியாரைக் கிண்டல் பண்ணினா ஊரே வாங்கும். உடைஞ்சதுல ஜாமைத் தடவி ஒட்டு, என் பேர்ல ஒண்ணு வித்துடலாம். இதெல்லாம் என் மாமியார் கத்துக்கொடுத்த வியாபாரம்."

"அவங்களா? எப்போ?"

அத்தை படத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, அடுப்புக் கதவைத் திறந்து நான் எட்டிப் பார்த்தேனே... அன்னிக்கு!"