சமர்த்துப் பிள்ளை

இன்றைக்குப் பார்த்துத்தானா கீர்த்தனா இவ்வளவு சமர்த்தாக உட்கார வேண்டும்?

டாக்டருக்கு எதிரே நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருந்தாள். கையில் ஒரு பலாக்கொட்டை. அதைத் தடவிக்கொண்டிருந்தால் போதும், நாலு வயதுக்காரிக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். அதை யாரையும் தொட விடமாட்டாள். அம்மா கையை நீட்டினால் மட்டும் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு எடுத்துக்கொள்வாள்.

கொல்லிமலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிய பஸ்ஸிலும் சத்தமே இல்லை. மற்ற நாளாயிருந்தால் ஹாரனுக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறியிருப்பாள். 'பிள்ளை வளர்த்த லட்சணம்' என்று யாராவது ராதிகாவின் காதில் விழும்படி சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாளாவது சும்மா இருக்கமாட்டாளா என்று ராதிகா எட்டுக்கை அம்மனிடம் வேண்டாத நாளில்லை. அம்மன் இன்றைக்குத்தான் கண்ணைத் திறந்திருக்கிறாள்.

ஆட்டிசம் என்று இந்த மண்டபத்து மருத்துவ முகாமில் சான்றிதழ் தந்தால்தான் அடிவாரத்துப் பயிற்சி மையத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே பேசப் பழக்குகிறார்களாம். கீர்த்தனா இன்னும் ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை.

"குழந்தை நல்லாத்தானே இருக்கு? பேச்சு தானா வந்துடும்" என்றார் டாக்டர்.

இந்தச் சொல்லை யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் ராதிகா இத்தனை நாளும் ஏங்கினாள்.

"இல்லீங்க சார், ஊட்டுல இப்படி இருக்க மாட்டாளுங்க."

பெற்ற பிள்ளையின் மேல் ஒவ்வொரு குற்றமாக அடுக்கினாள். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

ராதிகா உள்ளங்கையை நீட்டினாள்.

கீர்த்தனா வழக்கம்போலக் கொட்டையை அதில் வைத்தாள்.

ராதிகா விரல்களை மூடிக்கொண்டாள்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அலறிக்கொண்டு தரையில் விழுந்த மகளின் தலைக்கு அடியில் ராதிகா தன் கையைக் கொடுத்தாள். கொட்டையைத் திருப்பித் தந்த பிறகும் அழுகை ஓயவில்லை.

டாக்டர் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குரல் இளகியிருந்தது. "இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு புரியாதும்மா. நீங்கதான் பொறுமையாப் பாத்துக்கணும்."

ராதிகா தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் சான்றிதழ் பையில் பத்திரமாக இருந்தது. கீர்த்தனா ஜன்னலோரம் உட்கார்ந்து கொட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முதல் வளைவில் ராதிகா உள்ளங்கையை நீட்டினாள்.

கீர்த்தனா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொட்டையை ஜன்னல் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.