சிநேகாவின் காதணி விழா

“ஃப்ளெக்ஸே அடிச்சாச்சு. இப்ப வந்து பிள்ளைக்குக் காது குத்த வேணாங்கிறியே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா?”

வினோத்குமாருக்கு மனைவி கோகிலா மேல் அப்படி ஒரு கோபம். நியாயம்தானே? தொண்டி ரோட்டு முக்கில் பனை உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ‘சிநேகாவின் காதணி விழா.’ ஓரத்தில் சின்னதாகக் குழந்தை. நடுவில் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி வினோத்குமார். காது குத்தாவிட்டால் அந்தக் கும்பிடு என்னாவது?

“என் காதைப் பாத்துட்டுமா குத்தணுங்கிறீக?”

மடலை மறைத்து இறக்கி வாரியிருந்த முடியைக் கோகிலா ஒதுக்கிக் காட்டினாள். குத்தின இடத்தில், ரெண்டு காதிலும் நாவல்பழம் தொங்குகிற மாதிரி கட்டி. அறுத்து எடுத்தும் பார்த்தாயிற்று. முன்னைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது.

“இதுக்குக் கீலாய்டுன்னு பேரு. புண்ணு ஆறினாலும் தழும்பு நிக்காம வளர்ந்துக்கிட்டே போகும். உங்க குடும்பத்துத் தோலே அப்படி. பிள்ளைக்குக் காது, மூக்கு, பச்சை எதுவும் குத்தாதீங்க” என்று மதுரை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“நான் பச்சை குத்தியிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?” வினோத்குமார் கையிலிருந்த சிங்கத்தைக் காட்டினான். அத்தோடு மருத்துவ ஆராய்ச்சி முடிந்தது.

சீர்த்தட்டோடு வந்து இறங்கியிருந்த தன் தம்பி மாரீஸ்வரனிடம் ஓடினாள் கோகிலா. அடிக்கிற வெயிலில் அவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். போன வருசம் கையில் ஆசையாகக் குத்தின புலி, வீங்கிப் போய், இப்போது பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறது.

“ஒன் கையே இந்த லட்சணத்துல கெடக்கு. நீயாவது சொல்லேன்டா தம்பி.”

“அதுக்காக? தாய்மாமன் மடியில வச்சுக் குத்தலைன்னா ஊரு என்னைய என்ன பேசும்க்கா?” என்றபடி சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

மாமனார் இருளாண்டி மீசையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். “எங்க வம்சத்துல மூளிக்காது கெடையாது.”

மிச்சம் இருந்தது மாமியார் சோணையம்மாள். அவளும் ஒரு பொம்பளைதானே, மனசு இளகாதா என்று கோகிலாவுக்கு ஒரு நப்பாசை.

“டாக்டர் சொன்னாராம்ல டாக்டர்! அவரு பொண்டாட்டி தோடு போடாமத்தான் திரியுறாளாக்கும்? ஊர் உலகத்துல இல்லாத சீக்கு! பேசாமப் பிள்ளையத் தூக்கிட்டு வாடி!”

எல்லோர் காதிலும் விழும்படி கத்தினாள். கோகிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சீ, இவளும் பிள்ளை பெத்தவதானா என்று இருந்தது.

ராக்காச்சியம்மன் கோயில் வாசல். குழந்தைக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, மாரீஸ்வரன் மடியில் உட்கார வைத்தார்கள். திருவாடானை ஆசாரி தங்கக் கம்பியை எடுத்துக்கொண்டு பிஞ்சு மடலைப் பிடித்தார். கோகிலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“ஏஏஏய்!”

கொட்டுச் சத்தமே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால், சோணையம்மாள் கொண்டை அவிழ்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடுகிறாள். பொம்பளைகள் குலவை போட்டார்கள்.

“ஏலே இருளாண்டி! எம் பிள்ளை ஒடம்புல ஊசி வைக்க நீ யாருடா?”

இத்தனை வருசத்தில் புருசன் பேரை வாயால் சொல்லாதவள். இருளாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “தாயே, தெரியாமச் செஞ்சுட்டோம்!”

“காது குத்தக் கூடாது! மூக்குக் குத்தக் கூடாது! பச்சை குத்தக் கூடாது!”

கோகிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மனும் மதுரையில்தான் படித்தாளோ?

“தாயே, இது சொக்கத் தங்கம்...” என்று இழுத்தார் ஆசாரி.

“அதக் கைக்குக் காப்பா மாத்திப் போடுடா!”

அவ்வளவுதான். டாக்டர் பேச்சு ஏறாத மண்டைகளில் எல்லாம் அம்மன் பேச்சு ஒரே நிமிசத்தில் ஏறிவிட்டது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“எனக்குக் காலையிலயிருந்தே மனசு சரியில்லை. சொல்லிக்கிட்டே இருந்தேன்ல?” என்றான் வினோத்குமார். யாரிடம் சொன்னான் என்றுதான் தெரியவில்லை.

மாரீஸ்வரன் சட்டைக் கையை மடக்கி, வீங்கின புலியை முதல் தடவையாக ஊருக்குக் காட்டினான். “ஆத்தா எனக்கு அப்பவே அறிகுறி காட்டிருச்சு மாமா!”

கறிச்சோற்றுப் பந்தி நடக்கையில், வேன் மறைவில் சாய்ந்து கிடந்த மாமியாருக்குக் கோகிலா மோர் கொண்டுபோனாள்.

“அயித்த...”

“மெதுவாப் பேசுடி. இடுப்பு விட்டுப்போச்சு. இந்த வயசுல ஆடுற ஆட்டமா இது?”

கோகிலா மோர்ச் செம்பை அவள் கையில் கொடுத்தாள். “அப்பறம் எதுக்குக் காலையில என்னைய அந்தப் பேச்சுப் பேசுனீக?”

“ஒன் பக்கம் பேசியிருந்தா, மருமக சொல்லிக்குடுத்து மாமியா ஆடுறான்னுல சொல்லுவாக. ஒருக்களிச்சுப் படுக்க முடியாம நீ காதைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குறது எனக்குத் தெரியாதா?”

கோகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அயித்த?”

“சொல்லாமயா இருப்பேன்? ‘பொட்டச்சிக்கு என்ன தெரியும், சும்மா கெட’ன்னாரு.”

சோணையம்மாள் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னாள்.

“நான் சொல்லி அந்த மனுசன் கேக்கணும்னா, எம்மேல ராக்காச்சி வந்தாத்தான்டி உண்டு.”